நிறம் மறித்த வாயில்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர் பெர்சி ஜூலியன். அவருடைய பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். கறுப்பின மாணவர்க்கு எட்டாம் வகுப்புக்குமேல் அந்நகரில் பொதுப்பள்ளி இல்லை. ஆயினும், ஜூலியன் அயராது கற்று, 1920இல் டிபா பல்கலைக்கழகத்தில் முதன்மை மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனால், வெள்ளையின மாணவர் ஏற்கமாட்டார் எனக் கருதி, அங்கு அவருக்குக் கற்பிக்கும் பணி மறுக்கப்பட்டது. எனவே வியன்னா சென்று, 1931இல் முனைவரானார்.

கண் அழுத்த நோய்க்கு மருந்தாகும் பைசோஸ்டிக்மினை 1935இல் ஆய்வகத்திலேயே உருவாக்கினார். உடன் உழைத்தவர் ஜோசப் பிக்கல் என்னும் வெள்ளையர். பெருநிறுவனம் ஒன்று பிக்கலுக்கு வேலை தந்தது; ஜூலியனை மறுத்தது. ஆய்வு ஒன்றே, தோலின் நிறமே வேறு. அவர் பயின்ற பல்கலைக்கழகமும் பேராசிரியர் பதவியை வழங்கவில்லை.

1936இல் கிளிடன் நிறுவனம் சிகாகோவில் அவரை ஆய்வுத் தலைவராக்கியது. சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் உருவாக்கும் வழியை அவர் கண்டார். புகழ் வந்தபின்னும் பகை தணியவில்லை. ஓக் பார்க்கில் வாங்கிய வீட்டுக்கு 1950இல் தீவைத்தனர். மறு ஆண்டு வெடிகுண்டு வீசினர். குடும்பத்தினர் அவ்வூரைவிட்டு நீங்கவில்லை.

பின்னர்ச் சொந்த நிறுவனம் தொடங்கிய ஜூலியன், வேறிடங்களில் வாய்ப்புப் பெறாத கறுப்பின வேதியியலாளர் பலருக்குப் பணி அளித்தார். 1973இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1975இல் அவர் மறைந்தார். கல்வி தகுதியைத் தரும். அத்தகுதிக்குரிய இடத்தைத் தருவது சமூகத்தின் கடமை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.