மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார்

உளநூல் பயில்வோர், இரண்டிரண்டு பொருள்களை இணைத்துக் காட்டி நினைவாற்றலை ஆராயும் முறையை நன்கறிவர். அம்முறையை வகுத்த அம்மையார், அதற்குரிய டாக்டர் பட்டத்தைப் பெறாமலே மறைந்தார் என்பதையோ பலர் அறியார்.

அமெரிக்க நாட்டு ஹார்ட்போர்டு நகரில், 1863-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், சபைக்குரு ஒருவரின் மூத்த மகளாக மேரி கால்கின்ஸ் பிறந்தார். ஸ்மித் கல்லூரியில் 1885-இல் பட்டம் பெற்று, 1887-இல் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்கமொழி ஆசிரியை ஆனார். அக்கல்லூரியார் உளநூல் கற்பிக்க ஒருவரை நாடி, ஓராண்டு அந்நூலைக் கற்று வருமாறு இவரையே பணித்தனர்.

எங்குச் சென்று கற்பது? அருகிலிருந்த ஹார்வர்டு சர்வகலாசாலையோ பெண்களைச் சேர்ப்பதில்லை. தந்தையாரும் வெல்லெஸ்லித் தலைவியாரும் விண்ணப்பஞ் செய்த பின்னர், 1890 அக்டோபரில், வகுப்பில் அமர மட்டும் இசைவு கிடைத்தது. மாணவியாகப் பதிவு செய்தாரில்லை. வில்லியம் ஜேம்ஸ் நடத்திய வகுப்பிலிருந்து ஆடவர் யாவரும் விலகிக்கொள்ள, ஆசிரியரும் இவருமே நூலகத்தில் கணப்பின் இருபுறமும் அமர்ந்து பாடம் நடத்தினராம். எத்துணைப் பேறு! நூறுபேர் நெருங்கியிருக்கும் வகுப்பில் கற்கும் நமக்குப் பொறாமையே உண்டாகின்றது.

1891-இல் வெல்லெஸ்லியில் உளநூல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவிய அம்மையார், மீண்டும் ஹார்வர்டு சென்று, ஜெர்மானியப் பேராசிரியர் மூன்ஸ்டர்பர்க்கின் கீழ் ஆராய்ந்தார். ஒரு நிறத்தையும் ஓர் எண்ணையும் அடுத்தடுத்துக் காட்டுவார். பின்னர் நிறத்தை மட்டும் காட்டி எண்ணைக் கேட்பார். கண்ணைக் கவரும் தோற்றத்தினும், பன்முறை காண்டலே நினைவுக்குப் பெருந்துணை எனக் கண்டார்.

இவரைப் பட்டத்திற்குரியவராக ஏற்குமாறு மூன்ஸ்டர்பர்க் 1894-இல் வேண்டினார். சர்வகலாசாலையார் மறுத்தனர். ஆசிரியர்கள் அத்துடன் விடவில்லை. 1895 மே 28-ஆம் நாள் தாமே கூடி, பட்டத்திற்குரிய முறைப்படி இவரைத் தேர்ந்து, முற்றும் தகுதியுடையார் எனத் தெரிவித்தனர். ஜேம்ஸ் அத்தேர்வை வியந்து போற்றினார். பயனில்லை.

1902-இல் ஹார்வர்டைச் சார்ந்த ராட்கிளிப் மகளிர் கல்லூரி, இவர்க்கும் வேறு மூவர்க்கும் டாக்டர் பட்டம் அளிக்க முன்வந்தது. மூவரும் ஏற்றனர், மூன்ஸ்டர்பர்க்கும் ஏற்குமாறு வற்புறுத்தினார். அம்மையார் மட்டும் மறுத்தார். இதனை முதலில் படித்தபோது வீண் பிடிவாதம் என்றே எண்ணினேன். கையில் வந்த பட்டத்தை விடுவாருண்டோ? ஆனால் அவர் கருதியது வேறு. தாம் உழைத்தது ஹார்வர்டில், ராட்கிளிப்பில் அன்று. பெண்களுக்கென வேறொரு பட்டம் இருப்பின், ஹார்வர்டு தன் கதவைத் திறக்கவேண்டிய தேவையே இராது. தம் ஒருவர் நலத்திற்காக அவ்வேற்பாட்டிற்கு உடன்பட அவர் மனம் இசையவில்லை. பட்டம் பெற்ற மற்ற மூவரையும் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்கட்கும் பட்டம் வேண்டியிருந்தது.

அமெரிக்க உளநூற் சங்கம் 1905-இலும், அமெரிக்க மெய்ப்பொருட் சங்கம் 1918-இலும் இவரைத் தலைவராகத் தேர்ந்தன. இரண்டிலும் அப்பதவியேற்ற முதற் பெண்மணி இவரே. 1927-இல் ஹார்வர்டிற் பயின்ற உளநூலறிஞர் சிலர் பட்டம் வழங்குமாறு மீண்டும் வேண்டினர், அதுவும் மறுக்கப்பட்டது. 1929-இல் ஓய்வு பெற்று, 1930 பிப்ரவரியில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். பெண்களுக்கு ஹார்வர்டு தன் பெயராலேயே டாக்டர் பட்டம் வழங்கத் தொடங்கியது 1963-இல்.