தோட்டத்துக்கு வந்த வெள்ளிநாக்கு

ஆங்கில வகுப்புத் தேர்வுக்காகப் போன மாதம் அணிகளின் பட்டியலை மீள்பார்வை செய்துகொண்டிருந்தேன். சிமிலி, மெட்டஃபர், அனாஃபரா, லிட்டோட்டீஸ், யூஃபமிசம் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். படிவம் நான்கில் படிக்கும் தங்கை எட்டிப் பார்த்து, இதெல்லாம் தமிழ்ப் பாடத்தில் வருவதுதானே என்றாள். பாதி உண்மை. சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம், யூஃபமிசம் கிட்டத்தட்ட நம் இடக்கரடக்கல். ஒரே சொல்லை வாக்கியந்தோறும் முதலில் வைத்து அடுக்குவது அனாஃபரா. 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் 'மோசமில்லை' என்கிறோமே, அது லிட்டோட்டீஸ்.

இவற்றை மனனம் செய்வதைவிட, இவற்றைத் தொழிலாகவே கொண்ட ஒருவரின் வாழ்க்கையைப் படிப்பது எனக்கு எளிதாக இருந்தது. அவர் நம் மலாயாவுக்கும் வந்தவர். பெயர் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி.

கும்பகோணம் அருகிலுள்ள வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ஆம் நாள் பிறந்தார். ஏழைப் புரோகிதர் குடும்பம். கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியரானார். மாயவரம், சேலம் என்று பணியாற்றிய பின் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியல்ல. வகுப்பறையில் கற்று, வகுப்பறையிலேயே கற்பித்த மொழி. இரு மொழிகளில் படித்து வளர்ந்த நமக்கு இந்த இடம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

1907-இல் ஆசிரியர் வேலையை விட்டு, கோபால கிருஷ்ண கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே 1915-இல் மறைந்ததும் சங்கத்தின் தலைவரானார். 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் பேசினார். 1921-இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தில் இந்தியாவின் சார்பில் பேசினார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக வாதாடினார். ஆங்கிலேயர்களே அவரை வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று அழைத்தார்கள். காந்திக்கும் அவருக்கும் அரசியலில் ஒத்துப்போகவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தை சாஸ்திரி ஏற்கவே இல்லை. ஆனாலும் காந்தியின் சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மொழிநடையைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான், அதுவும் தம் பெயர் வெளியில் வராமல். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தார். டர்பனில் இந்திய மாணவர்களுக்காக எழுந்த உயர்நிலைப் பள்ளி அவர் பெயரையே தாங்கியது.

அவர் பேச்சின் வலிமை ஆரவாரத்தில் இல்லை. குரலை உயர்த்தாமல், எதிராளியை அவமதிக்காமல், அளந்து பேசுவார். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றில், பேசுபவர் மேல் கேட்பவருக்கு வரும் நம்பிக்கையான எத்தோஸ்தான் அவருடைய மூலதனம். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்தவர்கள் யார் என்ற கேள்வி மலாயாவில்தான் எனக்கு எழுந்தது.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்ததும் தோட்டங்களில் கூலியை வெட்டினார்கள். பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை தேறிய பிறகும் பழைய கூலி திரும்பவில்லை. நிலைமையை நேரில் பார்த்து அறிக்கை தர, 1936 டிசம்பரில் இந்திய அரசு சாஸ்திரியை அனுப்பியது. அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், வயது 67. சில வாரங்கள் சுற்றிப் பார்த்தார். 1937-இல் அறிக்கை வெளிவந்தது.

ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற நாள்கூலியை உடனே மீண்டும் தர வேண்டும் என்றார். கங்காணிகள் ஆள் திரட்டும் முறையை நிறுத்தச் சொன்னார். இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் மொத்தத்தில் தொழிலாளர் நிலை திருப்தியாகவே இருப்பதாகவும், உதவித்தொகையோடு ஆட்கள் இங்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் முடித்தார். மலாயா மத்திய இந்தியர் சங்கத்தினருக்கு இது பெரிய ஏமாற்றம். லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் 'திருப்தி' என்ற அந்த ஒரு சொல் எப்படிக் கேட்டிருக்கும்? யூஃபமிசத்துக்கு என் குறிப்பேட்டில் இதையே உதாரணமாக எழுதி வைத்தேன். விரிவுரையாளர் ஒப்புவாரா என்பது வேறு விஷயம்.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கொடுமைகளைப் பார்த்த கண்ணுக்கு மலாயா மேலாகத் தெரிந்திருக்கலாம். மாட்சிமையோடு பேசிப் பேசியே அரசுகளை இளக வைத்தவருக்கு, மிதமான சொல்லே பழகியும் போயிருக்கலாம். ஆனால் 1938-இல் முதலாளிகள் கூலியை மறுபடியும் குறைத்தார்கள். இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலியோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1940-இல் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க நெறி வகுக்கும்படி சென்னை அரசு அமைத்த குழுவுக்கு சாஸ்திரியே தலைவர். குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆங்கிலத்தில் அத்தனை பேரை வென்றவர், தமிழ்ச் சொற்கள் விஷயத்தில் தமிழர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1946 ஏப்ரல் 17-இல் காலமானார்.

சுங்கை சோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இப்போது செம்பனை. முன்பு பால்மரம். 'அந்த 40 காசிலும் கொள்ளுப்பாட்டிக்கு ஆணைவிடப் பத்துக் காசு ஏன் குறைவு, சாஸ்திரி அதைக் கேட்கவில்லையா?' என்றாள் தங்கை. கேட்கவில்லை, அவர் பரிந்துரையிலேயே அந்தப் பத்துக் காசு வித்தியாசம் இருந்தது என்றேன். அவள் பட்டியலை என்னிடமிருந்து வாங்கி, ஐரனி எந்த வரிசையில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.