கை கழுவும் பாடம் தந்த செமல்வைஸ்

மருத்துவம் பயில்வோரும் செவிலியர் பயிற்சி பெறுவோரும் இன்று முதன்மையாகக் கற்கும் பாடங்களுள் ஒன்று கை கழுவுதல். அதனை மருத்துவமனையில் விதியாக்கிப் பயன் காட்டிய பெருமகனார் இக்னாஸ் செமல்வைஸ்.

1818ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் அங்கேரியின் புடா நகரில் மளிகை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1844இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1846இல் அந்நகரப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவரானார்.

ஏழைப் பெண்கள் நாடிவந்த அம்மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சி மாணவியரும் பயிற்சி பெற்றனர். 1846இல் முதற்பிரிவில் 100க்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சியர் பிரிவிலோ 3க்கும் குறைவு. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் மண்டியிட்டு மன்றாடினர். மெத்தப் படித்தோர் இருந்த இடத்தில் சாவு மிகுந்தது ஏன்?

1847 மார்ச்சுத் திங்களில் அவர்தம் நண்பர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலிற் பட்டு இறந்தார். பேறுகாலக் காய்ச்சலால் மாண்ட தாய்மார் உடலிற் கண்ட மாறுதல்களே அவர் உடலிலும் காணப்பட்டன. உண்மை புலனாயிற்று. காலையில் பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மருத்துவரும் மாணவரும் தாய்மாரைச் சோதித்து வந்தனர். மருத்துவச்சியர் பிணம் தொடுவதில்லை. தம் கையும் சாவைச் சுமந்ததென்பதைச் செமல்வைஸ் மறைக்கவில்லை.

சோப்பினால் கழுவியும் பிணவாடை நீங்காமையால், குளோரின் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டுமென 1847 மே திங்களில் விதி செய்தார். ஏப்ரலில் 312 பிரசவங்களில் 57 தாய்மார் இறந்திருந்தனர். சூனில் 268இல் அறுவரே இறந்தனர்.

எனினும், தம் கைகள் தூய்மையற்றவை என்பதை ஏற்க மேலோர் பலருக்கு மனம் வரவில்லை. கிருமிக் கொள்கை நிலைபெறாத காலமாதலால் காரணத்தை முழுமையாக விளக்கவும் அவரால் இயலவில்லை. 1849இல் பதவி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. தாயகம் திரும்பி, பெஸ்ட் நகரில் 1851 முதல் 1855 வரை 933 பிரசவங்களில் 8 இறப்புகளே நிகழக் காட்டினார். ஆயினும் 1861வரை நூல் எழுதாது காலந்தாழ்த்தியதும், மறுத்தோரைக் கொலையாளிகள் எனச் சாடியதும் அவர் குறைகளாயின. மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, புண் வழியே குருதி நஞ்சாகி, 1865 ஆகஸ்டு 13இல் தம் 47ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முந்திய நாளில்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயம் காக்கும் முறையைத் தொடங்கினார். 1969இல் புடாபெஸ்டு மருத்துவப் பல்கலைக்கழகம் செமல்வைஸ் பெயரைச் சூடிக்கொண்டது.

பிறப்பைக் காட்டித் தீட்டென ஒதுக்கப்பட்ட நமக்கு அவர் வாழ்வு பெருஞ்சான்று. மாசு குலத்தில் இல்லை. கழுவாத கையில் உள்ளது, அது பேராசிரியரின் கையே ஆயினும். மருத்துவமனைப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதனைத் தாம் கற்பதோடு, மேலவர் கீழவர் எனப் பாராது அனைவர்க்கும் அஞ்சாது கற்பிப்பாராக.