கரோலின் ஹெர்ஷலின் வாய்ப்பாட்டு அட்டை

பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடமாகாத ஒருவர் வானியலாளராக முடியுமா? கரோலின் ஹெர்ஷல் ஆனார். வாய்ப்பாடு எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் கையோடு வைத்துக்கொண்டுதான் அவர் விண்மீன்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டார்.

1750 மார்ச் 16-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர் இவர். தந்தை இராணுவ இசைக்குழுவில் வாசித்தவர். மூன்று வயதில் பெரியம்மை வந்து முகத்தில் தழும்பு விட்டுச் சென்றது. பத்து வயதில் டைபஸ் காய்ச்சல். உயிர் பிழைத்தார், ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டது. உயரம் 130 சென்டிமீட்டர் அளவோடு சரி. அழகும் இல்லை, பணமும் இல்லை, கல்யாணத்தை எதிர்பார்க்காதே என்று தந்தையே சொல்லிவிட்டார். தாயோ, வீட்டு வேலைக்கு இவர் போதும், படிப்பு எதற்கு என்று முடிவு கட்டினார். மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் தந்தை வயலின் சொல்லிக்கொடுத்தார். 1767-இல் அவரும் காலமானார்.

இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக இருந்த அண்ணன் வில்லியம், 1772-இல் தங்கையை அழைத்துப்போக வந்தார். தாய் எளிதில் விடவில்லை. கரோலினுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரி வைத்துக்கொள்ள வில்லியம் பணம் தருவதாக ஏற்ற பிறகே சம்மதம் கிடைத்தது. ஒரு மகளின் விடுதலைக்கு அதுதான் விலை! புறப்படுமுன், வீட்டாருக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமான காலுறைகளைப் பின்னி வைத்தார் கரோலின். அப்போது வயது 22.

ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் சந்தைக்குத் தனியே போனார், காலை உணவு வேளையில் அண்ணனிடம் கணக்குப் படித்தார், பாட்டுப் பயிற்சி எடுத்தார். 1778-இல் ஹேண்டலின் 'மெசையா' இசைப் படைப்பில் தனிக்குரல் பாடினார். பர்மிங்காமிலிருந்தும் பாட அழைப்பு வந்தது.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் 1781-இல் வில்லியம் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். மன்னர் ஊதியம் கொடுக்க, அடுத்த ஆண்டே இசையை விட்டு டாட்செட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். கரோலினின் பாட்டும் அத்துடன் முடிந்தது. அண்ணனுக்காக அவர் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தார் என்று சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 32 வயதில், தானே உழைத்துச் சம்பாதித்த ஒரே அடையாளத்தை இழந்தவருக்கு மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? அண்ணன் கொடுத்த சிறிய தொலைநோக்கியோடு பனி படிந்த புல்வெளியில் தனியாக நின்றது ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1783 டிசம்பர் 31 இரவில், பனியில் வழுக்கி இரும்புக் கொக்கி காலில் பாய்ந்து சதை பிய்ந்தது. காயம் ஆறியதும் மறுபடி வேலைக்குத் திரும்பினார்.

1786 ஆகஸ்ட் 1-இல், வில்லியம் ஜெர்மனிக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு வால்மீனைக் கண்டார். மறு ஆண்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்ட் சம்பளம் வழங்கினார். வில்லியமுக்கு 200. ஆனாலும் தன் விருப்பம்போல் செலவழிக்கக்கூடிய பணம் அவர் கைக்கு வந்தது அப்போதுதான், 37 வயதில்.

1797-க்குள் எட்டு வால்மீன்கள். 1828-இல் லண்டன் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம். அதை அடுத்து ஒரு பெண் பெற்றது 1996-இல், வேரா ரூபின். கரோலின் 97 வயதுவரை வாழ்ந்து 1848-இல் ஹனோவரில் மறைந்தார். 1788-இல் அவர் கண்ட வால்மீன் 1939-இல் மறுபடி தென்பட்டது. அடுத்து 2092-இல் வரும்.