பல்லைப் பிடுங்கிய எட் கோல்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் என்றாலே பெரிய பெட்ரோல் வி8 என்று ஒரு காலம் இருந்தது. அது எப்படித் தேய்ந்தது என்று தேடிப்போனா, பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து நிற்கிறார்: எட் கோல். வேடிக்கை என்னன்னா, செவ்ரோலெட் டிரக்குக்கு வி8 கொடுத்தவரும் அவர்தான்.

1909-இல் மிச்சிகனில், பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் கல்லூரியில் படிப்பு, காடிலாக்கில் வேலை, 1952-இல் செவ்ரோலெட்டின் தலைமைப் பொறியாளர். அப்போ செவ்ரோலெட்னா ஆறு சிலிண்டர். நம்பலாம், ஆனா சப்புனு இருக்கும். 1955-இல் கோலின் குழு 4.3 லிட்டர் வி8 கொண்டுவந்தது. ராக்கர் ஷாஃப்டையே தூக்கிட்டு, ஒவ்வொரு வால்வுக்கும் தகட்டில் அழுத்தி எடுத்த தனி ராக்கர் ஆர்ம். எடையும் குறைவு, செலவும் குறைவு. அதே வருஷம் பிக்கப்பிலும் ஏறியது. அப்புறம் இன்ஜின்கள் வளர்ந்துகிட்டே போய், 1970-இல் 7.4 லிட்டர் '454' வந்தது.

அப்போது கோல் கம்பெனிக்கே பிரசிடென்ட். நகரங்களில் புகை, புதுச் சட்டம் வேற. அவர் நம்பியது கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. ஆனா பெட்ரோலில் ஈயம் இருந்தால் அதில் உள்ள பிளாட்டினம் செத்துப்போகும். ஈயத்தை எடுத்தால், உயர்ந்த கம்ப்ரெஷனில் இன்ஜின் நாக் ஆகும். (நாக்கைத் தடுக்க ஈயத்தைக் கண்டுபிடிச்சதும் இதே கம்பெனியின் லேப்தான், 1921-இல்!) கோல் கம்ப்ரெஷனைக் குறைத்தார். கார்வெட்டில் வந்த 454-க்கு 1970-இல் 10.25, 1971-இல் 8.5. நம்ம ஆட்டோ சைக்கிள் ஃபார்முலாவில் போட்டுப் பார்த்தேன்: எஃபிஷியன்சி 60.6 சதவீதத்திலிருந்து 57.5.

அவரைப் புனிதராக்க வேண்டாம். கார்வேர் காரின் பாதுகாப்புச் சர்ச்சையும் அவர் கணக்கில்தான். ஆனா தான் வளர்த்த இன்ஜினைத் தானே அடக்குவது, சட்டத்துக்காகத்தான் என்றாலும், எத்தனை பேரால் முடியும்?

1975 கார்களில் கன்வெர்ட்டர் வந்தபோது கோல் ஓய்வு பெற்றிருந்தார். முழுச் சுமையோடு 6,000 பவுண்டைத் தாண்டும் பிக்கப்புக்கு அது தேவையில்லை என்று விதி. அந்தச் சந்தில் பெரிய இன்ஜின்கள் பிழைத்துக்கொண்டன. 1977 மே மாதம், தானே ஓட்டிய விமானம் கலமசூ அருகே விழுந்து கோல் இறந்தார். 454-இன் வாரிசு 8.1 லிட்டர் வரை போய், 2009-இல் நின்றது. கனமான இழுவையில் டீசல் முந்திவிட்டது. 1955-இல் கோலின் குழு வைத்த 4.4 அங்குல சிலிண்டர் இடைவெளி மட்டும் இன்றைய செவ்ரோலெட் பிக்கப் வி8-லயும் அப்படியே இருக்கு.