கொட்டகைக்குள் ஒரு சாதனை

என்ஜினைப் பிரித்து மேய்வதற்கு விசாலமான பட்டறையும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நியூசிலாந்தைச் சேர்ந்த பர்ட் மன்றோவின் வாழ்க்கை அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

1899-இல் நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கிலில், பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் மன்றோ. 1920-இல் 'இந்தியன் ஸ்கவுட்' என்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார். பெயரில் மட்டுமே இந்தியன்; தயாரிப்பு அமெரிக்காவுடையது. 600 சிசி என்ஜின். அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. அளவிலேயே இருந்தது. 1926 முதல் அந்த என்ஜினைத் தன் கையாலேயே மாற்றியமைக்கத் தொடங்கிய அவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த வண்டியோடு கழித்தார்.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனை. இரவில் என்ஜின் வேலை. மனைவியைப் பிரிந்த பிறகு ஒரு சிறிய கொட்டகையே அவருக்கு வீடாகவும் பட்டறையாகவும் ஆனது. பழைய தகர டப்பாக்களை வார்ப்பு அச்சாக வைத்து பிஸ்டன்களை வார்த்தார். பழைய வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து சிலிண்டர் செய்தார். டிராக்டரின் அச்சுத்தண்டிலிருந்து கனெக்டிங் ராடுகளைக் கையால் செதுக்கினார். சக்கரத்தின் பழைய ஸ்போக் கம்பி அவருக்கு அளவுமானியாகப் பயன்பட்டது. உடைந்து போன பாகங்களை அவர் வீசி எறியவில்லை. வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று பெயரிட்டு அலமாரியில் அடுக்கி வைத்தார். தோல்விகளின் அந்த வரிசையே அவருடைய பாடநூல்.

மூலதனம் இல்லாத இடத்தை உழைப்பும் காலமும் ஈடுசெய்யும் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். மன்றோ அதன் எல்லைவரை சென்றார். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று: விபத்துகள், காயங்கள், வருமானம் தரும் வேலையைத் துறந்த ஆண்டுகள்.

பலன், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புவெளியில் கிடைத்தது. 1962-இல், 63 வயதில், மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் தன் வகைப்பிரிவில் சாதனை படைத்தார். 1967-இல், 68 வயதில், 950 சிசி-யாக விரிந்திருந்த அதே என்ஜினுடன் 1,000 சிசி-க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 295 கி.மீ.யைத் தாண்டினார். 1978-இல் மறைந்தார். அன்றைய கணக்கில் நேர்ந்த பிழை 2014-இல் திருத்தப்பட்டு, அவரது வேகம் 296 கி.மீ.க்குச் சற்று மேல் என்று பதிவாகியது.

இன்று மாடிப்படியின் அடியிலும் வீட்டு வாசலிலும் வண்டியைப் பிரித்து வேலை செய்யும் இளைஞர்கள் நம்மிடையே ஏராளம். இடக்குறைவு அவர்களுக்குப் பெருந்தடை அன்று. பிரிக்க முடியாதபடி மூடப்பட்ட பாகங்களும், நிறுவனங்கள் வெளியிடாத பழுதுநீக்கக் குறிப்புகளும்தான் தடை. நுகர்வோரின் பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் ஓர் இணையதளம் தொடங்கியது நல்ல முதற்படி. அது சட்டப்பூர்வக் கடமையாக வலுப்பெற வேண்டும்.

மன்றோவிடம் இடமும் இல்லை, பணமும் இல்லை. தான் வாங்கிய இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் சுதந்திரம் மட்டும் இருந்தது. அடுத்த தலைமுறைக்கு நாம் மறுக்கக் கூடாதது அந்தச் சுதந்திரத்தைத்தான்.