வாலிங்போர்டு ரிச்சர்டு

வாலிங்போர்டு ரிச்சர்டு (ஏறத்தாழ 1292 – மே 23, 1336) இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்சு மடத்தின் தலைவராக விளங்கிய துறவி. கணிதவியலாளரும் வானியலாளரும் ஆவார்.

பெயர்

இவர் வாலிங்போர்டு என்னும் ஊரில் வில்லியம் என்ற கொல்லரின் மகனாகப் பிறந்தார். தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் வழக்கம் அக்கால இங்கிலாந்தில் முழுமையாக நிலைபெறவில்லை. துறவிகள் பலர் பிறந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்டனர். இவருக்கும் தந்தையின் தொழிற்பெயர் அமையாமல் ஊர்ப்பெயரே நிலைத்தது.

வாழ்க்கை

இளமையிலேயே தந்தையை இழந்த இவரை, வாலிங்போர்டிலிருந்த கிளை மடத்தின் தலைவர் வளர்த்து ஆக்சுபோர்டில் கல்வி கற்க அனுப்பினார். 1327 இல் செயின்ட் ஆல்பன்சு மடத்தின் தலைவரானார். தொழுநோயால் பாதிக்கப்பட்டபோதும் இறக்கும்வரை பதவியில் நீடித்தார். இவர் வடிவமைத்த வானியல் கடிகாரம் இவரது மறைவிற்குப் பின்னரே நிறைவுற்றது. 1539 இல் மடம் கலைக்கப்பட்டது. கடிகாரமும் எஞ்சவில்லை, எனினும் அதன் அமைப்பை விளக்கும் கையெழுத்துப்படி கிடைத்துள்ளது.